மேட்டில் மட்டும் திக்கும் இன்ஜின்

(ஆட்டோமொபைல் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஊருக்குள்ள வண்டி தங்கமா ஓடுது சார். ஹைவேல ஏறி வேகம் பிடிச்சதும் மிஸ்ஸிங் அடிக்குது." இந்தப் புகாரோடு வாடிக்கையாளர் வராத பட்டறை எந்த ஊரிலும் இல்லை. ஆனால் இன்று நான் பேசப்போவது அமெரிக்கச் சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம் என்ற வண்டியைப் பற்றி. நம் ஊரில் அது அபூர்வம். ஆனாலும் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. காரில் எப்போதாவது தலைகாட்டி மறையும் குறைகளை இந்த வண்டி கூட்டி, பெருக்கி, நம் முன்னால் வைத்துவிடும். குறை கண்டறியக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

மோட்டார்ஹோம் என்பது டிரக் சேஸியின் மேல் கட்டிய வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. சேஸியையும் இன்ஜினையும் ஒரு நிறுவனம் செய்யும். வீட்டை இன்னொரு நிறுவனம் கட்டும். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரம் இந்த வீடு கட்டும் தொழிலுக்குப் பேர்போனது. இந்தப் பிரிவினையால் ஒரு தொல்லையும் உண்டு. இன்ஜின் திக்கினால் சேஸிக்காரர் "வீடு கட்டியவர் வயரிங்கில் கைவைத்துவிட்டார்" என்பார். வீடு கட்டியவர் "அது இன்ஜின் சமாச்சாரம்" என்பார். கார் பட்டறைகளில் பலவற்றின் கூரையும் லிஃப்டும் இந்த உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தாது. ஆகவே உரிமையாளரே சாலையோரத்தில் குனிந்து நின்று இன்ஜினைப் பார்க்கும் காட்சி அங்கே சகஜம்.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு இ-450 சேஸி, 6.8 லிட்டர் டிரைட்டன் வி-10 பெட்ரோல் இன்ஜின். 1997 மாடலில் அறிமுகமாகி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆயிரக்கணக்கான மோட்டார்ஹோம்களை இழுத்த இன்ஜின் அது. வண்டி முழுச் சுமையோடு ஆறரை டன்னைத் தொடும். காற்றுக்கு எதிரே அதன் முன்பக்கம் கிட்டத்தட்ட ஒரு சுவர்.

இதைக் கலிஃபோர்னியாவின் பேக்கர் என்ற சிற்றூருக்கு ஓட்டிவருவோம். மொஹாவி பாலைவனத்தில், லாஸ் வேகஸ் போகும் இன்டர்ஸ்டேட் 15 சாலையில் இருக்கிறது. அங்கே 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானி நிற்கிறது. பக்கத்திலுள்ள டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டின் நினைவாக எழுப்பியது. பேக்கரைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்கும். கடல்மட்டத்திலிருந்து 1,000 அடிக்கும் குறைவான இடத்திலிருந்து ஹாலரன் உச்சியின் சுமார் 4,000 அடிக்கு, முப்பது கிலோமீட்டர் தொடர் ஏற்றம். நம் மாதிரி வண்டி இந்த ஏற்றத்தின் பாதியில் திக்குகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரியாகிறது; மறுபடி மிதித்தால் மறுபடி திக்குகிறது.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் வேகத்தின் மேல் பழி போடுவார்கள். வேகம் குற்றவாளியே அல்ல. சமதளத்தில் வண்டியை நிறுத்திவைத்து, நியூட்ரலில் 3,000 ஆர்.பி.எம். வரை இன்ஜினை ஏற்றிப் பாருங்கள், மணியாக ஓடும். சுழற்சி அதேதான். இல்லாதது சுமை. ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது தெளிவாகும். பெட்ரோல் இன்ஜின் சுமை இழுக்கும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் அரை பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஆறரை டன்னைப் பேக்கர் ஏற்றத்தில் இழுக்க ஏறத்தாழ 200 குதிரைத்திறன் வேண்டும். அப்படியானால் மணிக்கு 100 பவுண்டு. அதாவது அறுபது லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர்! சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது இதில் சிறு பங்குகூடச் செலவாகாது. தேய்ந்துபோன பெட்ரோல் பம்ப் ஒன்று நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்தான் தள்ளுகிறது என்று வையுங்கள். ஊருக்குள் அதன் குறை ஒருபோதும் வெளிவராது. நாலு பேர் வீட்டுக்குப் போதுமான அடுப்பு கல்யாணப் பந்திக்குப் போதாது, அவ்வளவுதான்.

நான் சொல்லவந்ததன் சாரம் இதுதான்: சுமையில் வரும் குறையைச் சுமையில்தான் அளக்க முடியும். பட்டறையில் நிறுத்திவைத்து அளந்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று எழுதிக்கொடுப்பது சோதனை ஆகாது. அதைவிட மோசம், அளக்காமலே பாகங்களை மாற்றுவது. முதலில் பிளக், பிறகு ஃபில்டர், பிறகு காயில் பத்தும், கடைசியில் பம்ப். அமெரிக்காவில் இதற்கு ஆகும் செலவில் ஒரு பழைய காரே வாங்கிவிடலாம்.

அளப்பதற்கு முன்னால் ஓட்டியவரிடம் பேச வேண்டும். இதை நம் மெக்கானிக்குகள் அமெரிக்கக் கடைகளைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். அங்கே கவுன்ட்டரில் இருப்பவர் ஒரு வரி எழுதிக்கொள்வார். வண்டியைப் பார்ப்பவர் உரிமையாளரின் முகத்தையே பார்க்கமாட்டார். நாம் கேட்கவேண்டியவை இவை: எத்தனை நேரம் ஓடிய பிறகு திக்குகிறது? டேங்க் நிறைய இருக்கும்போதா, கால் டேங்குக்குக் கீழேயா? மழையில் அதிகமா, வெயிலிலா? வண்டி கடைசியாக எத்தனை மாதம் சும்மா நின்றது?

கடைசிக் கேள்வி மோட்டார்ஹோமுக்கு மிக முக்கியம். இந்த வண்டிகள் ஆண்டில் பாதிக்குமேல் கொட்டகையில் கிடப்பவை. இ-450 சேஸியின் டேங்க் 55 கேலன், இருநூறு லிட்டருக்கு மேல். போன கோடையில் நிரப்பிய பெட்ரோல் இந்தக் கோடையிலும் அப்படியே இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஏறத்தாழ அரை விழுக்காட்டைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இதோடு, பழைய பெட்ரோலின் பிசுக்கு பம்பின் வாயிலுள்ள வலையில் படியும். ஓய்வில் கிடக்கும் வண்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடிப்பது தனிக் கதை.

சரி, பதில்கள் கிடைத்துவிட்டன. இனி திக்கல் எந்த வகை என்று ஓட்டிப் பார்த்து உணரவேண்டும். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல வேகம் தளரும், பிறகு இருமும், காலை எடுத்தால் குழாயில் அழுத்தம் மீண்டு சரியாகும், சில நிமிடங்களில் திரும்ப வரும். தீப்பொறிக் குறை என்றால் மிதித்த கணமே சட்டென்று வெட்டும். ஏதோ ஒரு சிலிண்டர் அடிப்பதும் விடுவதுமாக ஒரு தாளம் தெரியும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது இன்ஜினே அல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் அது பூட்டிக்கொள்ளும். ஆயில் கெட்டுப்போயிருந்தால் பூட்டும்போது நடுங்கும். ஓட்டுநருக்கு அது மிஸ்ஸிங் போலவே தோன்றும். இதைப் பிரிப்பது சுலபம். நடுக்கம் வரும்போது வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுக்காமல், இடது காலால் பிரேக் பெடலை மெல்லத் தொடுங்கள். பிரேக் பிடிக்க வேண்டாம், பிரேக் விளக்கு எரிந்தால் போதும். அந்தச் சுவிட்ச் கன்வர்ட்டர் பூட்டை விடுவித்துவிடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் நீங்கள் தேடவேண்டியது கியர்பாக்ஸில். பின்னால் வண்டி வராத சாலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் காயில்களை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்து ஸ்கேனர். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கும் இலகு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற குறைகண்டறியும் அமைப்பு கட்டாயம். ஸ்கேனரைச் செருகியதும் அது காட்டும் பிழைக் குறியீட்டை, அதாவது கோடைப் படித்துவிட்டுப் பாகக் கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம். கோடு என்பது புகார் மனு, தீர்ப்பு அல்ல. பி0171, பி0174 இரண்டும் வந்தால் இரு பக்கச் சிலிண்டர் வரிசைகளிலும் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஏன் குறைவு என்று அது சொல்லாது. கோடோடு கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவு இருக்கும். குறை நேர்ந்த கணத்தில் ஆர்.பி.எம். எவ்வளவு, சுமை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று இன்ஜின் கணினி எழுதிவைத்த சாட்சியம் அது. பலர் அதைப் படிக்காமலே கோடை அழித்துவிடுகிறார்கள். கோடோடு சாட்சியமும் அழிந்துவிடும்.

அதற்குமேல் ஃப்யூவல் டிரிம். இதைப் புரிந்துகொண்டால் இன்றைய உரையில் பாதி புரிந்துவிட்டது. கணினி தன் கணக்குப்படி பெட்ரோல் தெளிக்கிறது. ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து "போதவில்லை" என்றால் கொஞ்சம் கூட்டுகிறது; "அதிகம்" என்றால் குறைக்கிறது. அந்தக் கூட்டல் கழித்தல் விழுக்காடுதான் டிரிம். பத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். நம் வண்டியில் இந்த எண் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நிறுத்திவைத்த நிலையில் கூட்டல் இருபதாக இருந்து, இன்ஜினை உயர்த்தும்போது இயல்புக்கு இறங்கினால், எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. டிரைட்டன் இன்ஜினில் திராட்டில் பாடிக்குப் பின்னால் உள்ள பி.சி.வி. ரப்பர் வளைவு வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிற்கும்போது இயல்பாக இருந்து ஏற்றத்தில் கூட்டல் இருபது, இருபத்தைந்து என்று போனால் பெட்ரோல் வந்து சேரவில்லை. அல்லது காற்றளவு சென்சார் அழுக்கேறி, போகும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அனுபவசாலிகளே விழுவார்கள். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோலைத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும் தெரியும். தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத காற்று அப்படியே வெளியே போகும். அதிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று அலறும். குறை காயிலில், பழி பம்பின் மேல். ஆகவே ஒரு பக்க வரிசை மட்டும் காட்டுகிறதா, இரண்டுமா என்று பிரித்துப் பாருங்கள். பம்பின் குறை இரண்டு பக்கத்தையும் பட்டினி போடும். ஒரு காயிலின் குறை தன் பக்கத்தில் மட்டும் தெரியும்.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் வலுத்தால் அழுத்தத்தை அளக்க வேண்டும், அதுவும் ஏற்றத்தில். கார் மெக்கானிக்குகள் கேஜை பானட்டுக்கு வெளியே இழுத்து முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். மோட்டார்ஹோமில் இது ஆகாது. இன்ஜினின் பெரும்பகுதி ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில், டாக்ஹவுஸ் என்ற மூடிக்கு அடியில் இருக்கிறது. கேஜ் குழாயை உள்ளே கொண்டுவந்தால், பெட்ரோல் நிரம்பிய குழாயை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். ஒருநாளும் செய்யாதீர்கள். இன்ஜினில் ஒரு பிரஷர் சென்சாரைப் பொருத்தி, அதன் வயரை மட்டும் உள்ளே கொண்டுவந்து மீட்டரில் பாருங்கள். வண்டியின் சேவைப் புத்தகம் சொல்லும் அழுத்தம் ஏற்றத்திலும் நிற்கிறதா, சரிகிறதா? சரிந்தால் திக்கலுக்கு முன்பே சரியும். அந்த வரிசை முக்கியம். காரணம் முன்னால் வரும், விளைவு பின்னால் வரும்.

அழுத்தம் சரிகிறது என்று உறுதியாகிவிட்டது. உடனே பம்ப் வாங்கலாமா? பொறுங்கள். பம்புக்கு மின்சாரம் சரியாகப் போகிறதா? பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்பின் முனையில் 11 வோல்ட்தான் இருந்தால் புதுப் பம்பும் அதே மாதிரிதான் ஓடும். முன்னால் இருக்கும் பேட்டரிக்கும் பின்னால் இருக்கும் டேங்குக்கும் நடுவே நீளமான வயர், ரிலே, கனெக்டர்கள், சேஸியில் திருகிய எர்த். குளிர்நாட்டுச் சாலைகளில் பனி உருகத் தூவும் உப்பு எர்த்தை அரித்துவிடும். பம்ப் ஓடும்போது பாசிட்டிவ் பக்கமும் எர்த் பக்கமும் தனித்தனியே வோல்ட் இழப்பைப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் முதலில் வயரைச் சரிசெய்யுங்கள். பிறகு ஃபில்டர். அதற்கும் பிறகு டேங்கின் சுவாசம்: டேங்குக்குள் காற்று நுழையும் வழி அடைபட்டிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும். திக்கும்போது ஓரம் கட்டி மூடியைத் திறந்து கேளுங்கள். நீண்ட உறிஞ்சல் சத்தம் வந்து, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் விடை கிடைத்தாயிற்று.

கால் டேங்க் கேள்வியை மறக்கவில்லை. இந்த வண்டிகளில் வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கிறது. காட்டில் இரவெல்லாம் ஏசி ஓடவிட்டு, காலையில் வீடு திரும்பப் பெட்ரோல் இல்லாமல் தவிக்கக் கூடாது என்று அதன் குழாயைக் கால் டேங்க் உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். யோசித்துச் செய்த ஏற்பாடு. இன்ஜினின் குழாய் அடிவரை போகும். ஆனால் ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் சாயும். பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் கிண்ணம் உடைந்திருந்தால் பம்ப் காற்றை விழுங்கும். கால் டேங்குக்குக் கீழே மட்டும், மேட்டில் மட்டும் திக்கினால் அங்கே தேடுங்கள்.

தீப்பொறிக்கு வருவோம். திராட்டில் அகலத் திறந்தால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைபடும். நெருக்கமான காற்றைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். நிற்கும்போது 10,000 வோல்ட்டில் பாய்ந்த பொறிக்கு ஏற்றத்தில் 20,000-க்கு மேல் தேவைப்படலாம். காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தால், அந்த மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட வெடிப்பு வழியே உலோகத்துக்குப் பாய்வதையே சுலபமாகக் காணும். வி-10 இன்ஜினில் பத்து சிலிண்டருக்கும் பத்துக் காயில், ஒவ்வொன்றும் பிளக்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. பி0303 வந்தால் மூன்றாம் சிலிண்டர். அந்தக் காயிலைக் கழற்றி ஆறாம் சிலிண்டரில் வையுங்கள். ஏற்றத்தில் ஓட்டுங்கள். கோடு பி0306 ஆனால் காயில்தான். பி0303-ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அதே சிலிண்டரில் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆரம்பகால டிரைட்டன் தலைகளில் பிளக் பிடித்திருக்கும் மரைகள் நான்கைந்துதான். பிளக் பிய்த்துக்கொண்டு வெளியே தெறித்த சம்பவங்கள் அமெரிக்காவில் பிரசித்தம். இன்ஜின் குளிர்ந்த பிறகே கழற்றுங்கள். டார்க் ரென்ச் இல்லாமல் மாட்டாதீர்கள்.

பழைய வண்டிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்பதுகளில் செய்த மோட்டார்ஹோம்கள் இன்னும் ஓடுகின்றன. கார்புரேட்டர் வண்டிகளில் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். அழுத்தம் ஐந்து முதல் ஏழு பி.எஸ்.ஐ. மட்டுமே. டேங்கிலிருந்து அதுவரை பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வருகிறது, தள்ளப்பட்டு அல்ல. உறிஞ்சலில் அழுத்தம் குறைய, சைலன்ஸர் குழாயின் சூடும் பாலைவனச் சூடும் சேர, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவியை அந்தப் பம்ப்பால் தள்ள முடியாது. இதுதான் வேப்பர் லாக். குளிர்காலத்துக்கென்று சுலபமாக ஆவியாகும்படி கலந்த பெட்ரோல், வசந்தத்தின் முதல் வெயில் நாளில் டேங்கில் மிச்சம் இருந்தால் இன்னும் மோசம். டேங்குக்குப் பக்கத்தில் ஒரு தாழ்அழுத்த மின்பம்ப் வைத்து உறிஞ்சலைத் தள்ளலாக மாற்றினால் பெரும்பாலும் தீரும். உயரமும் இதைத் தூண்டும். கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே பெட்ரோலும் சீக்கிரம் கொதிக்கும், டர்போ இல்லாத இன்ஜினின் திறனும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தத் தளர்ச்சியைக் குறை என்று நினைத்து எதையும் கழற்றாதீர்கள்.

அதே காலத்து ஃபோர்டுகளில் சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கும் டி.எஃப்.ஐ. இக்னிஷன் மாட்யூல் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மாட்யூல் பொருத்திய 1983 முதல் 1995 வரையிலான வண்டிகளைக் குறித்து ஒரு வழக்கு கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போய், 2001-இல் சமரசத்தில் முடிந்தது. பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும் குறை அது. குளிர்ந்த வண்டியில் எத்தனை முறை சோதித்தாலும் அகப்படாது.

கடைசியாக ஒன்று. திக்கலைச் சகித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் அது வேறு. மினுக்கினால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று கணினி எச்சரிக்கிறது. கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்கு மூச்சுவிட இடமிருக்காது. முதலில் இல்லாத இரண்டாவது நோய் அது. காரில் நஷ்டம் அத்தோடு போகலாம். மோட்டார்ஹோமில் அந்தச் சிவந்த இரும்புக்கு மேலே இருப்பது பிளைவுட் தரை; அதன்மேல் மெத்தை, திரைச்சீலை, சமையல் எரிவாயுக் குழாய், ஒருவேளை பின்னால் தூங்கும் குழந்தைகள். சாலையோரக் காய்ந்த புல்லும் அதில் பற்றிக்கொள்ளும். உங்களில் யாராவது அமெரிக்கா போய் இப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்ட நேர்ந்தால், விளக்கு மினுக்கிய உடனே காலை எடுங்கள், புல் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.